குடியை விட்ட கூலியாள்: வணக்கத்துக்குரிய மத்தேயு டல்பொட்



ஆயர்கள், துறவிகள், வேதசாட்சிகள் எனப் பலருடைய வரலாறுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். இவ்வாரம் நாம் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர் இவர்களில் ஒருவரும் அல்லர். செங்கல்லும் சாந்தும் சுமந்து, பின்பு மரக்காலையில் பலகை சுமந்து பிழைத்த ஒரு கூலியாள். 12 வயதில் குடிக்கத் தொடங்கி, 28 வயதுவரை குடிக்கு அடிமையாக இருந்து, அதன்பின் சாகும்வரை 41 ஆண்டுகள் ஒரு துளியும் வாயில் வைக்காதவர். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்தவரான மத்தேயு டல்பொட்தான் அவர்.

வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் குடும்பங்களை மனதிற்கொண்டே இவரைத் தெரிந்தெடுத்தோம். புத்தளம் களப்பில் வலை போட்டு நண்டும் இறாலும் கொண்டுவருகிறவர்கள், கஜுத் தோட்டங்களிலும் காணிகளிலும் நாட்கூலிக்குப் போகிறவர்கள் நம்மிடையே பலர். இவர்கள் உடலை வருத்தி உழைப்பவர்கள். அன்றன்றைக்குக் கையில் காசு காண்கிறவர்கள். காசு வரும் நாளே வீட்டில் கண்ணீர் வரும் நாளாகவும் இருப்பதை நம் தாய்மார் பலர் அறிவார்கள். திருவிழாக் காலத்தில் சுவாமியின் முன் முழங்காலிட்டுச் சத்தியம் செய்த மனிதன், கொடியிறக்கம் முடிந்து ஒரு கிழமை ஆகுமுன் மறுபடியும் தள்ளாடி வருவதை ஊரே கண்டு சிரிக்கிறது. அவனுக்கு மனமில்லை, மானமில்லை என்று தீர்ப்பும் கூறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு முழுவதும் சரிதானா என்பதை மத்தேயுவின் வாழ்க்கையை வைத்துச் சிந்தித்துப் பாருங்கள்.

12 வயதில் தொடங்கிய தாகம்

மத்தேயு 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி டப்ளினின் ஏழைப் பகுதி ஒன்றில் பிறந்தார். தந்தை சாள்ஸ் துறைமுகத் தொழிலாளி. தாய் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் மத்தேயு இரண்டாவது. 1845 தொடக்கம் நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. வேலை குறைவு, கூலி குறைவு, வாடகை அறைகளில் நெருக்கம். மலிவாகக் கிடைத்தது மது ஒன்றுதான். 1838ஆம் ஆண்டு முதல் ஊரூராய்ச் சென்று இலட்சக்கணக்கான மக்களுக்கு மதுவிலக்கு வாக்குறுதி கொடுத்த கப்புச்சின் சபைக் குரு தியோபல்ட் மத்தேயு அடிகளார், நமது மத்தேயு பிறந்த அதே 1856ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். அவர் மூட்டிய தீ அதற்குள் பெரும்பாலும் தணிந்துவிட்டிருந்தது.

மத்தேயுவின் தந்தை குடிப்பவர். மூத்த சகோதரரைத் தவிர ஆண்பிள்ளைகளும் அந்த வழியிலே போனார்கள். மத்தேயு பள்ளிக்கூடத்தில் இருந்தது சொற்ப காலமே. ஒருவாறு எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் அவன் படித்தான். 12 வயதில் ஒரு மது வியாபார நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்க்கப்பட்டான். அங்கே பியர் வகைகளைப் போத்தலில் அடைப்பார்கள். பெரியவர்கள் குடிப்பதைக் கண்ட சிறுவன் தானும் மிச்சம் மீதியைக் குடித்துப் பார்த்தான். ஓராண்டுக்குள் வெறியோடு வீடு திரும்பினான். தந்தை நன்றாக அடித்து, மகனை அந்த இடத்திலிருந்து எடுத்து, துறைமுகத்தில் தான் வேலை செய்த பண்டகசாலையிலே சேர்த்தார். அந்தப் பண்டகசாலையில் இருந்ததோ விஸ்கி. பியரில் தொடங்கிய பிள்ளை விஸ்கிக்கு முன்னேறினான்! பிள்ளையை அடித்துத் திருத்த முயன்ற தகப்பன் தன்னுடைய போத்தலை மூடிவைக்கவில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

16 வயதில் மத்தேயு முழுக் குடிகாரன். பின்பு கொத்தர்களுக்குக் கல்லும் சாந்தும் சுமக்கும் வேலைக்குப் போனார். வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றக் கூலியாட்கள் அவருடைய வேகத்தைப் பார்த்து வேலை செய்யட்டும் என்று மேற்பார்வையாளர்கள் அவரை முன்னுக்கு நிறுத்துவார்களாம். அவ்வளவு உழைத்தும் சனிக்கிழமை வாங்கிய சம்பளம் நேரே தவறணைக்குப் போனது. கிழமை நடுவில் கை வெறுமையாகும். பிறகு கடன். கடனும் கிடைக்காதபோது காலிலிருந்த சப்பாத்தை அடகு வைத்துக் குடித்தார். ஒருமுறை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலை எடுத்து விற்று அவரும் தோழர்களும் குடித்தார்கள். அந்த ஏழையின் சாப்பாடே அந்தப் பிடில்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்தார்.

ஆயினும் அந்த நாட்களிலும் அவர் ஞாயிறு பூசையைத் தவறவிடவில்லை என்கிறார்கள். தேவதிரவிய அனுமானங்களை மட்டும் நெருங்கவில்லை. குடிகாரனாகிய மத்தேயு கடவுளை மறுத்தவர் அல்லர். தாயை வெறுத்தவரும் அல்லர். பின்னே ஏன் விடமுடியவில்லை?

உடலுக்குள் நடப்பது என்ன?

அன்றைய டப்ளினில் இதற்கு விடை சொல்ல வைத்தியர்களுக்கும் தெரியவில்லை. இன்று பல விடயங்கள் தெளிவாகியுள்ளன. அவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது.

கள்ளானாலும் பியரானாலும் சாராயமானாலும் கசிப்பானாலும் வெறியைத் தருவது மதுசாரம் என்ற ஒரே பொருள்தான். மற்ற உணவைப்போல் இது செரிக்கக் காத்திருப்பதில்லை. வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேரே இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். மூளையின் வேகத்தைக் குறைக்கும். முதலில் தடுமாறுவது நல்லது கெட்டதை நிறுத்துப் பார்க்கும் பகுதி. ஆகையால்தான் கூச்சம் போகிறது, நாக்கு நீளுகிறது, கை ஓங்குகிறது. பின்பு நடை தளர்கிறது, நினைவு மங்குகிறது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

உள்ளே போன மதுசாரத்தை வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி ஈரலுடையது. 10 கிராம் அளவை அகற்ற அதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும். தேசிக்காய்ச் சாறு, மோர், கோப்பி, தலையில் ஊற்றும் தண்ணீர் எதுவும் அந்த வேலையை விரைவுபடுத்தாது. அளவுக்கு மேல் ஆண்டுக்கணக்காய் வேலை வாங்கினால் ஈரலில் கொழுப்புப் படியும். பின்பு வீக்கம் காணும். இறுதியில் ஈரல் தழும்பேறிச் சுருங்கும். முதல் நிலையில் குடியை நிறுத்தினால் ஈரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். இறைவன் அதற்கு அந்த வலிமையைக் கொடுத்திருக்கிறார். கடைசி நிலையில் வந்த தழும்பு எளிதில் மாறுவதில்லை.

ஈரலோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. இரத்த அழுத்தம் ஏறும். இதயத் தசை தளரும். சதையி அழலும். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பு ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகரிக்கும். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988இலேயே சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. கர்ப்பிணித் தாய் குடித்தால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையும் பாதிக்கப்படும். சரியாக உண்ணாமல் குடிப்பவரின் உடலில் விற்றமின் பி1 குறைந்து, நேற்று நடந்ததையும் நினைவில் வைக்க முடியாத நோய் வரக்கூடும். கள்ளத்தனமாய் விற்கப்படும் மதுவில் மெதனோல் என்ற நஞ்சு கலந்திருந்தால் சொற்ப அளவே கண்பார்வையைப் பறிக்கும். உயிரையும் பறிக்கும்.

மனதின் கதை இதைவிட நுட்பமானது. மது முதலில் மூளையிலே ஓர் இன்பத்தை எழுப்புகிறது. மூளை அதை நன்றாய் நினைவில் வைத்துக்கொள்கிறது. நாள்தோறும் வந்து தன்னை மந்தமாக்கும் மதுவைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. ஆகவே முன்பு ஒரு கிளாசில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது மூன்று வேண்டும். ஒருநாள் மது வராவிட்டால், கூட்டிவைத்த வேகம் கட்டுக்கடங்காமல் போகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வருவதில்லை. ஒரு வாய் குடித்தால் எல்லாம் அடங்குகிறது. இந்த நிலைக்கு வந்தவன் இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. வேதனைக்குப் பயந்து குடிக்கிறான். மூளை முழு வளர்ச்சி அடைவது 25 வயதளவில். அதற்குமுன் தொடங்குகிறவனை மது இலகுவாகப் பிடித்துக்கொள்ளும். மத்தேயு தொடங்கியது 12இல்! நமது நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை, பிள்ளையைப் போத்தல் வாங்க அனுப்பும் தந்தையர் நினைவில் வைக்கட்டும்.

அப்படியானால் குடிகாரனிடம் குற்றமே இல்லையா என்று கேட்பீர்கள். பிடிலை எடுத்தது குற்றம்தான். மத்தேயுவே பின்பு அதைப் பாவம் என்று ஏற்றுக்கொண்டு அழுதார். பழக்கத்தின் பிடி மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் ஒப்புக்கொள்கிறது. நோயும் உண்டு, பாவமும் உண்டு. ஒன்றுக்கு வைத்தியம் வேண்டும், மற்றதற்கு மனமாற்றம் வேண்டும். ஒன்றை மட்டும் பார்க்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் பார்க்கிறார்கள்.

தவறணைக்கு வெளியே ஒரு சனிக்கிழமை

1884ஆம் ஆண்டு. மத்தேயுவுக்கு 28 வயது. அந்தக் கிழமை முழுவதும் வேலைக்குப் போகாமல் குடித்துத் திரிந்ததால் சனிக்கிழமை கையில் சல்லிக்காசு இல்லை. தோழர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வருவார்கள், நம்மையும் உள்ளே அழைப்பார்கள் என்று எண்ணித் தவறணைக்கு அருகே சகோதரர்களோடு காத்து நின்றார். தம்மிடம் காசு இருந்தபோதெல்லாம் அவர் பிறருக்கு வாங்கிக் கொடுத்தவர் அல்லவா? தோழர்கள் வந்தார்கள். தலையசைத்தார்கள். சுகம் விசாரித்தார்கள். ஒருவரும் அழைக்கவில்லை. உள்ளே போய்விட்டார்கள்.

அந்த அவமானம் அவருடைய நெஞ்சை அறுத்தது. வீட்டை நோக்கித் திரும்பினார். பகல் வேளையில் வெறியில்லாமல் வந்த மகனைக் கண்டு தாய் ஆச்சரியப்பட்டார். தாம் போய் மதுவிலக்கு வாக்குறுதி எடுக்கப்போவதாக மகன் சொன்னார். எலிசபெத் அம்மா துள்ளிக் குதிக்கவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. காப்பாற்றும் எண்ணம் இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி, கடவுளின் ஆசியோடு அனுப்பிவைத்தார்.

அவர் கிளொன்லிஃப் என்ற இடத்திலுள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போனார். அங்கே ஒரு குருவிடம் பல ஆண்டுகளுக்குப் பின் பாவசங்கீர்த்தனம் செய்து, வாக்குறுதி எடுத்தார். எத்தனை காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு. வாசகரே, இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பயன்படும் இடம் இதுதான். சாகும்வரை தொடமாட்டேன் என்று அவர் அன்று சொல்லவில்லை. மூன்று மாதத்தையே தம்மால் தாண்ட முடியுமா என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் காலம் முடிந்ததும் மறுபடி குடிப்பேன் என்றுகூடத் தமக்குள் எண்ணியிருக்கிறார். முடிந்தபோது ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார். அதன்பிறகே வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுத்தார்.

வெறும் சட்டைப்பை

மனிதன் குடிக்குத் திரும்புவது பெரும்பாலும் விட்ட முதல் மாதங்களில்தான் என்பதை இன்றைய மருத்துவம் கண்டிருக்கிறது. உடல் நடுக்கம் சில நாட்களில் அடங்கும். உறக்கமும் மன அமைதியும் சீர்ப்பட வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். பழைய தெருவும் பழைய தோழனும் சம்பள நாளும் மூளையில் உறங்கும் ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். மத்தேயு இதை எந்த நூலிலும் படிக்கவில்லை. தம் பலவீனத்தை நேர்மையாய்ப் பார்த்து அறிந்துகொண்டார். அதற்கேற்றபடி நாளையும் பாதையையும் காசையும் ஒழுங்குபடுத்தினார்.

விடிகாலை 5 மணிப் பூசைக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்குப் போவார். அங்கிருந்து வேலைக்கு. வேலை முடிந்து மாலையில் தோழர்கள் தவறணைக்குத் திரும்பும் நேரம்தான் அவருக்கு ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் அவர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. தவறணை இல்லாத தெருக்களால் நடந்து, தூரத்திலுள்ள கோயிலுக்குப் போய் நற்கருணை நாதர் முன் இருப்பார். கோயில் பூட்டும் நேரத்தில்தான் வெளியே வருவார்.

ஒருநாள் மாலை ஆசை அவரை மேற்கொண்டது. சட்டைப்பையில் காசு இருந்தது. ஒரு தவறணைக்குள்ளே போயும்விட்டார். அங்கே கூட்டம். பரிமாறுகிறவர் பழகிய ஆட்களைக் கவனித்துக்கொண்டு இவரைக் கவனிக்கவே இல்லை. சிறிது நேரம் நின்ற மத்தேயு வெளியேறி, அருகிலிருந்த கோயிலுக்குள் போய்விட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடவுள் காத்தார் என்று நன்றி கூறியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அன்று முதல் வெளியே போகும்போது சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானித்தார். தேவ அருளை நம்பினார், சட்டைப்பையை நம்பவில்லை.

அருள் மனித இயல்பை அழிப்பதில்லை, அதைத் துணையாகக் கொண்டு அதை நிறைவாக்குகிறது என்று புனித தோமஸ் அக்குவினார் காலம் முதல் திருச்சபை கற்பித்து வருகிறது. மத்தேயுவின் வெறும் சட்டைப்பையும், சுற்றிப்போன தெருவும், மூன்று மாதக் கணக்கும் அருளுக்கு இயல்பு செய்த உதவிகள்.

கடன் தீர்த்த காலம்

குடியை விட்டதும் கடன்காரர்களைத் தேடிப் போனார். தவறணைகளில் வைத்த பழைய கடன்களைச் சிறிது சிறிதாய்த் தீர்த்தார். பிடில்காரரை நகரமெங்கும் தேடினார். கிடைக்கவில்லை. ஆகவே பிடிலின் பெறுமதியை அவருடைய ஆன்மாவுக்காகப் பூசை வைக்கக் கொடுத்தார். புகைப்பழக்கத்தையும் விட்டார். எழுத்துக்கூட்டி வாசித்தவர் மெல்ல மெல்லப் பழகி, புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கையையும் வேறு ஞான நூல்களையும் வாசித்தார். 1890இல் புனித பிரான்சிஸின் மூன்றாம் சபையிலே சேர்ந்தார். 1892 முதல் ஒரு பெரிய மரக்காலையில் கூலியாளாக வேலை செய்தார். வீட்டில் தகப்பனும் சகோதரர்களும் உடனே மாறிவிடவில்லை. ஒருவன் விட்டால் எல்லாரும் விடுவார்கள் என்பதில்லை. ஒருவரும் விடாவிட்டாலும் ஒருவன் விடலாம்.

1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத் தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, மத்தேயுவும் வேலையிழந்தவர்களோடு நின்றார். வேலை செய்யாமல் பெறுகிறேனே என்று சங்கத்தின் உதவிப்பணத்தை முதலில் வாங்கத் தயங்கினார். வாங்கியபோதோ பிள்ளைகுட்டிக்காரரான தோழர்களுக்குக் கொடுத்தார். திருமணம் செய்யாத அவர், விதவையான தாயை 1915இல் அவர் சாகும்வரை கூட வைத்துப் பார்த்தார். ஒருகாலத்தில் அந்தத் தாயின் கையில் சில்லறை மட்டுமே கொடுத்த மகன்!

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, மூவொரு கடவுளின் திருவிழா. சில ஆண்டுகளாக இதயமும் சிறுநீரகமும் நலிந்திருந்த 69 வயது மத்தேயு, பூசைக்குப் போகும் வழியில் கிரான்பி ஒழுங்கையில் விழுந்து உயிர்விட்டார். அவர் யார் என்று அங்கு நின்றவர்களுக்குத் தெரியவில்லை. வைத்தியசாலையில் உடலைக் கழுவியபோதுதான் இடுப்பிலும் உடலிலும் அவர் ஒறுத்தலுக்காகச் சுற்றியிருந்த சங்கிலிகளைக் கண்டார்கள். அதனாலேயே அவருடைய பெயர் ஊரெங்கும் பரவியது.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. அது தேவதாயின் அடிமையாய்த் தம்மை ஒப்புக்கொடுத்ததன் அடையாளம். அதை அவர் ஆன்மகுருவின் வழிகாட்டலோடு செய்தார். நாம் அதைப் பின்பற்றவேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தபோது, புகழ்ந்துரைக்கப்பட்டவை அவருடைய வீரம் நிறைந்த புண்ணியங்களே. அவருடைய உடல் 1972 முதல் டப்ளினில் லூர்து அன்னை ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே நகரில் லிஃபி ஆற்றின்மேல் 1978இல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

அவர் தனியாகப் போராடிய போராட்டத்தில் பிற்காலத்தவருக்குக் கூட்டும் கிடைத்தது. அவர் செபித்த அதே பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் இயேசுசபைக் குரு ஜேம்ஸ் கலன் 1898இல் மதுவிலக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மத்தேயு இறந்து பத்து ஆண்டுகளின் பின், 1935இல், அமெரிக்காவில் குடிநோயாளர் இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு தொடங்கிய பெயர் சொல்லாக் குடிநோயாளர் சங்கம் உலகெங்கும் பரவி, நமது நாட்டிலும் இயங்குகிறது. இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன் என்ற சிறு தீர்மானத்தையே அவர்களும் கைக்கொள்கிறார்கள். மத்தேயுவின் மூன்று மாதமும் இதுவும் ஒரே வழிதான், அல்லவா?

உங்கள் வீட்டுக்கு

குடிக்கும் சகோதரரே, முதலில் உமக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கணக்காய் நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய ஆறு மணித்தியாலம் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாததைக் காண்பதும் நடக்கலாம். இது பேய் பிடித்ததல்ல. உயிருக்கு ஆபத்தான நோய்நிலை. ஆகவே நேர்த்தி வைக்குமுன் வைத்தியரைப் பாரும். அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் எவ்வளவு குடிக்கிறீர் என்பதை மறைக்காமல் சொல்லும். நடுக்கத்தை அடக்கவும் வலிப்பைத் தடுக்கவும் மருந்துண்டு. விற்றமின் பி1 கொடுப்பார்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. குணமாக்கும் கரங்களையும் இறைவனே படைத்தார்.

அதன்பின் உமது பங்குச் சுவாமியிடம் வாரும். பாவசங்கீர்த்தனம் செய்யும். மூன்று மாதத்துக்கு வாக்குக் கொடும். அந்த மூன்று மாதமும் மீன் விற்ற காசை, நாட்கூலியை, மனைவியின் கையிலோ தாயின் கையிலோ அன்றே ஒப்படையும். தவறணையைக் கடந்துபோகும் வழியை விட்டு, சுற்றுவழியானாலும் வேறு வழியால் வீடு திரும்பும். மாலை 6 மணி முதல் 8 மணி வரை எங்கே இருப்பேன் என்பதை முன்கூட்டியே தீர்மானியும். வீட்டில் செபமாலை சொல்லும் நேரத்தை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தவறி விழுந்தால் ஒளிந்துகொள்ளாமல் மறுநாளே திரும்பி வாரும். விழுந்ததால் முந்திய நாட்களின் உழைப்பு வீணாவதில்லை.

தாய்மாரே, மனைவியரே, எலிசபெத் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மகனைச் சபிக்கவில்லை. பொய் நம்பிக்கையும் கொடுக்கவில்லை. வெறியில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். தெளிந்த காலை வேளையில் பேசுங்கள். அதே நேரம், உங்களையும் பிள்ளைகளையும் அடிக்கும் கையைப் பொறுத்துக்கொண்டிருப்பது புண்ணியம் என்று எவரும் உங்களுக்குப் போதிக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். உதவி கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. தவறணைக்கு வெளியே நின்ற மத்தேயுவை அழைக்காமல் போன தோழர்களால் அவர் திருந்தினார் என்றாலும், திருந்திய பின் அவரைத் தாங்கியது கோயில்தான். குடியை விட்டு முதல் மாதத்தில் இருக்கும் மனிதனைக் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரு கிளாஸ் எடு என்று வற்புறுத்துவது, அவன் கரையேறும்போது கையைத் தட்டிவிடுவது போன்றது. அவனுக்குத் தேநீர் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள்.

எழுவன்குளம் தாண்டிப் பள்ளக்கண்டல் புனித அந்தோனியாரிடமும், களப்புக்கு அப்பால் தலவில புனித அன்னம்மாளிடமும் நீங்கள் நேர்த்திகளோடு போகிறீர்கள். அடுத்த முறை போகும்போது, வாழ்நாள் முழுவதற்கும் பெரிய சத்தியம் செய்துவிட்டு வழியிலே அதைத் தொலைப்பதற்குப் பதிலாக, மூன்று மாதத்தை மட்டும் அந்தப் புனிதர்களின் கையில் ஒப்படையுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் சுவாமியிடம் மறுபடியும் வாருங்கள். அடுத்த ஆறு மாதத்தைப் பற்றி அப்போது பேசலாம். 28 வயதில் சல்லிக்காசு இல்லாமல் தவறணைக்கு வெளியே நின்ற மனிதனை 41 ஆண்டுகள் நாளுக்கு நாள் கைப்பிடித்து நடத்திய ஆண்டவர், உங்கள் வீட்டு வாசலையும் கடந்து போகாதிருப்பாராக.